கடைசி ஷெட்டுக்கு மட்டும் போயிடாதீங்க

மூன்றாவது கியருக்கு மாற்றி மேட்டில் ஏறும்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. பக்கத்து அறையில் யாரோ கோபத்தை அடக்கிக்கொண்டு பல்லைக் கடிப்பதுபோல இருந்தது.

"கேட்டியா?" என்றார் தட்டிப்பார்.

லாரியில் அவருக்குப் பக்கத்தில் சாமான் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனைவி காதைக் கொடுத்தாள்.

"கேக்குது. ராத்திரி நீங்க தூங்கறப்ப வர்ற சத்தம்."

"நான் வண்டியைச் சொல்றேன்."

"நானும் வண்டியைத்தான் சொல்றேன். ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. உங்களோட சத்தத்துக்கு நான் ஏதாவது செலவு பண்ணினேனா? பேசாம ஓட்டுங்க."

அவர் பேசாமல் ஓட்டக்கூடியவர் இல்லை. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருடைய ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாக இருந்தது. வெளியே யாரும் அதைத் தொந்தரவு செய்ததில்லை. எதையும் தட்டிப் பார்க்காமல் நம்ப மாட்டார் என்பதால் தட்டிப்பார் என்றே அழைத்தார்கள். லாரி டயரைக் கம்பியால் தட்டிப் பார்ப்பது எல்லா ஓட்டுநரும் செய்வதுதான். இவர் பானை, பலகை, சுவர், தர்பூசணி என்று எதையும் விட்டதில்லை. ஒருமுறை நெஞ்சுச் சளிக்குப் போனபோது டாக்டர் இவருடைய முதுகைத் தட்டிப் பார்த்தார். பதிலுக்கு இவரும் டாக்டரின் முதுகைத் தட்டிப் பார்த்தார். ஒலி திருப்தியாக இல்லாததால் மருந்து வாங்காமல் வந்துவிட்டார்.

லாரி அவருடைய சொந்த லாரி. பதினெட்டு வருஷம் மனைவியின் அண்ணனிடம் சம்பளத்துக்கு ஓட்டி, "மாப்பிள்ளை, கிளட்ச்சைப் பார்த்து மிதிங்க, அது உங்க அப்பா வாங்கிப் போட்டது இல்லை" என்ற பேச்சை அந்தப் பதினெட்டு வருஷமும் வாங்கி, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி எடுத்த வண்டி. காகித ஆலைக்குப் பழைய காகிதக் கட்டுகளை ஏற்றிப்போகிற வேலை ஆறு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை, ஒரு முதல் தேதியில், வண்டியை ஆலை வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அதிகாரி வருவார். பாரம் ஏற்றி வாசல் மேட்டில் ஒரு முறை ஏற்றிக் காட்டச் சொல்வார். ஏறினால் அடுத்த வருஷத்துக்குக் கையெழுத்து.

அந்த முதல் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. கையெழுத்து விழவில்லை என்றால் வண்டிக்கு வேலை இல்லை. வண்டிக்கு வேலை இல்லை என்றால், மச்சான் இருக்கிறார்.

மச்சான் இதை ஒளித்து வைத்துப் பேசுகிறவரும் அல்ல. தங்கையைப் பார்க்க வரும்போதெல்லாம் சொல்வார்.

"என் மூணாவது வண்டிக்கு நிரந்தரமா ஆளே போடலை மாப்பிள்ளை. பதினெட்டு வருஷம் நீங்க உக்காந்த பள்ளம் அந்த சீட்டுல அப்படியே இருக்கு. வேற எவன் உக்காந்தாலும் பொருந்த மாட்டேங்குது."

பட்டறைத் தெருவில் வரிசையாக நான்கு ஷெட்டுகள் இருந்தன. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவே ஒரு மரத்தடியில் பஞ்சர் ஒட்டுகிறவர் தண்ணீர்த் தொட்டியோடு உட்கார்ந்திருப்பார். ஆறு வருஷமாகத் தட்டிப்பாரின் வண்டியைப் பார்ப்பவர் முதல் ஷெட்காரர். ஒடிந்த மூக்குக் கண்ணாடியைச் செம்புக் கம்பியால் கட்டிப் போட்டிருப்பார். அவர் நீளமான ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையைக் கியர் பெட்டியிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, கண்ணை மூடிக் கேட்டார்.

"பேரிங் ஒண்ணு தேஞ்சிருக்கு. பெட்டியை இறக்கணும். ரெண்டு நாள் வேலை."

பிறகு தொகையைச் சொன்னார். இப்போது பல்லைக் கடிக்கும் சத்தம் லாரியிலிருந்து வரவில்லை.

"என்னண்ணே இது, இவ்வளவு சொல்றீங்க?"

"பேரிங் அந்த விலை விக்குது. நானா வீட்டுக் கொல்லையில வெளைய வைக்கிறேன்?"

"தட்டிப் பார்த்தீங்களா?"

"பேரிங்கைத் தட்டிப் பார்க்க முடியாதுண்ணே. கேட்டுத்தான் சொல்லணும். நம்பிக்கை இல்லைன்னா நாலு இடத்துல விசாரிச்சுட்டு வாங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"விசாரிக்கத்தான் போறேன்."

"தாராளமா. ஆனா கடைசி ஷெட்டுக்கு மட்டும் போயிடாதீங்க. அவன் மனுஷ ஜென்மமே இல்லை."

கடைசி ஷெட்டைப் பற்றி இவர் ஒன்றும் கேட்கவில்லை. அதனால் அதை அப்போது காதில் வாங்கிக்கொள்ளவும் இல்லை.

இரண்டாவது ஷெட்காரர் எப்போதும் சிரித்த முகம். விஷயத்தைக் கேட்டுவிட்டு இன்னும் சிரித்தார்.

"பெட்டியை இறக்கணும்னானா? தலைவலின்னு போனா தலையை இறக்கணும்பான். எண்ணெய் கெட்டியா இல்லைண்ணே, அவ்வளவுதான். நல்ல கெட்டி எண்ணெயா ஊத்தினா சத்தம் எங்க இருக்குன்னு நீங்க தேடணும்."

ஊற்றினார். உண்மையாகவே சத்தம் போய்விட்டது. தட்டிப்பார் அன்று மாலை வீட்டில் மனைவியிடம் தன் சாமர்த்தியத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். மறுநாள் காலையில் பார்த்தால், எண்ணெய் உறைந்த நெய்யாகி, கியர் தண்டு அசையவில்லை. பலம் கொண்ட மட்டும் இழுத்து மூன்றாவதில் போட்டார். மத்தியானம் வரை அது அங்கேயே இருந்தது. ஆலைக்குள் பாரம் இறக்கப் பத்து அடி பின்னால் வர வேண்டியிருந்தது. பின் கியர் விழாததால் வெளியே போய், ஊரை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி, அந்தப் பத்து அடி பின்னாலிருந்த இடத்துக்கு முன்பக்கமாக வந்து சேர்ந்தார்.

"எண்ணெய் நல்ல எண்ணெய்தான்" என்றார் இரண்டாவது ஷெட்காரர், சிரிப்பு குறையாமல். "உங்க கிளட்ச்சுக்குத்தான் அதைத் தாங்கற யோக்கியதை இல்லை. பக்கத்து ஷெட்டுல காட்டுங்க, கிளட்ச்சுல அவன் கெட்டிக்காரன். அதையும் தாண்டி கடைசி ஷெட்டுக்கு மட்டும் போயிடாதீங்க. அங்க போறதுக்கு வண்டியைக் கிணத்துல தள்ளிடலாம். கிணத்துலயாவது தண்ணி இருக்கும்."

மூன்றாவது ஷெட்காரர் பேச்சுக் குறைந்தவர். எண்ணெயை வடித்தார், கிளட்ச் தட்டை மாற்றினார், காசை எண்ணி வாங்கினார். அதன் பிறகு எல்லாக் கியரும் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல விழுந்தன. மூன்றாவது மட்டும் விழுந்த இடத்தில் நிற்கவில்லை. கடன்காரன் வீட்டுக்கு வந்த விருந்தாளிபோலத் தலையைக் காட்டிவிட்டு உடனே வெளியே வந்தது. பல் கடிக்கும் சத்தம் திரும்பியதோடு, வெளியே வரும்போதெல்லாம் 'டங்' என்று ஒரு சத்தமும் சேர்ந்துகொண்டது.

தட்டிப்பார் பழைய ட்யூபை நாடாவாகக் கிழித்து, கியர் தண்டை இருக்கைக் காலோடு சேர்த்துக் கட்டினார். நிறுத்த வேண்டுமென்றால் அவிழ்க்க வேண்டும். ஒரு சந்திப்பில் அவிழ்த்து முடிப்பதற்குள் விளக்கு இரண்டு முறை நிறம் மாறி, பின்னால் இருந்தவர்கள் அவருடைய முன்னோர் எல்லாரையும் விசாரித்தார்கள். அதற்குப் பிறகு மனைவியே பக்கத்தில் உட்கார்ந்து, மேடு வரும்போதெல்லாம் இரண்டு கையாலும் கியரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊர்ல பொண்டாட்டிங்க புருஷனைப் பிடிச்சு வைக்கறாங்க" என்றாள். "எனக்கு வாய்ச்சது இது."

"ரெண்டு நாள் பொறுத்துக்கோ."

"அன்னிக்கே அந்தக் கண்ணாடிக்காரர் கிட்ட விட்டிருந்தா அந்த ரெண்டு நாள் முடிஞ்சு நாலு நாள் ஆயிருக்கும்."

இது சரியான கணக்கு என்பதால் அவர் ஹாரனை அடித்தார்.

மூன்றாவது ஷெட்காரரிடம் திரும்பப் போனார். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "முதல் ஷெட்டுல ஆறு வருஷமா பண்ணின கோளாறு. நான் ஒண்ணும் செய்யறதுக்கில்லை" என்றார். பிறகு, அவருடைய ஒரு மாதப் பேச்சையும் சேர்த்துச் செலவழிப்பதுபோல, "நாங்கள்லாம் பரவாயில்லை. கடைசி ஷெட்டுல ஒருத்தன் இருக்கான் பாருங்க. பாம்புக்குப் பல்லுல மட்டும்தான் விஷம். அவனுக்கு ஸ்பேனர்லயும் விஷம்" என்றார்.

வெளியே வந்து காற்றடிக்கப் பஞ்சர்காரரிடம் நிறுத்தினார். பஞ்சர்காரர் காற்றுக் குழாயை மாட்டிவிட்டு, "எந்த ஷெட்டுல விட்டிருக்கீங்கண்ணே?" என்று தானாகவே ஆரம்பித்தார்.

"மூணு ஷெட்டும் பார்த்தாச்சு."

"நாலாவதுக்குப் போயிடாதீங்க. உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன். நான் யாருன்னு நெனைக்கறீங்க? ரெண்டு லாரிக்குச் சொந்தக்காரன். ரெண்டையும் அந்தக் கடைசி ஷெட்டுல விட்டேன். ஒண்ணைப் பிரிச்சு இன்னொண்ணுல மாட்டினான். இன்னொண்ணைப் பிரிச்சு எங்க மாட்டினான்னே தெரியலை. இப்பப் பாருங்க, அடுத்தவன் டயருக்கு ஒட்டுப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

சொல்லும்போதே அவர் கண் கலங்கியது. ட்யூப் துடைக்கும் துணியால் துடைத்துக்கொண்டார். கன்னத்தில் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது.

அங்கே கவிழ்த்துப் போட்டிருந்த காலி டின் மேல் தட்டிப்பார் உட்கார்ந்தார். பழக்கத்தில் டின்னை ஒரு தட்டுத் தட்டினார். அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தார்.

"ஒரு கேள்வி கேக்கறேன், யோசிச்சுச் சொல்லு. அந்தத் தெருவுல நாலு பேர் என்னை ஏமாத்தினாங்க."

"மூணு பேர். பஞ்சர்காரர் காத்துதானே அடிச்சார்."

"சரி, மூணே முக்கால். இவங்க எல்லாரும் திருடனுங்க. இந்தத் திருடனுங்க அத்தனை பேரும் சேர்ந்து ஒரே ஒருத்தனைத் திட்டறாங்கன்னா அவன் யாரா இருக்கணும்?"

"பெரிய திருடன்."

"போலீஸ்" என்றார் அவர், தொடையில் தட்டி. "அதாவது யோக்கியன். அவன் சரியான கூலி வாங்கறான். இவங்க பொழைப்புல மண்ணு விழுது. அதான் வயித்தெரிச்சல்."

"ஒருவேளை அவன் நிஜமாவே மோசமான ஆளா இருந்தா?"

"மோசமான ஆளா இருந்தா இவங்களோட கூட்டா இல்ல இருப்பான். கூட்டாளியை எவனாவது திட்டுவானா? உனக்கு உலகம் தெரியலை."

மனைவி விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டாள். "எனக்குக் கை வலிக்குது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். இரண்டு நாளாகக் கியரைப் பிடித்த கை அது.

முதல் தேதிக்கு ஐந்து நாள் இருக்கும்போது, வண்டியைக் கடைசி ஷெட்டுக்கு விட்டார்.

அப்படி ஒரு ஷெட்டை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. தரை பெருக்கித் துடைத்திருந்தது. ஸ்பேனர்கள் பெரியதிலிருந்து சின்னது வரை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்போல வரிசையாகத் தொங்கின. நாற்காலியில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. கடைசி ஷெட்காரர் துவைத்த சட்டை போட்டிருந்தார். நகத்தில் துளிக் கறுப்பு இல்லை. மெக்கானிக் ஒருவரின் நகத்தில் கறுப்பு இல்லாததைக் கண்டால் வேறு யாராவது கொஞ்சம் யோசித்திருப்பார்கள். தட்டிப்பார் அதைச் சுத்தம் என்று எடுத்துக்கொண்டார். சுவரைத் தட்டினார். மேஜையைத் தட்டினார். எல்லாம் கெட்டியாக ஒலித்தன.

"உக்காருங்கய்யா. யார் அனுப்பினாங்க?"

"யாரும் அனுப்பலைங்க. வராதேன்னுதான் எல்லாரும் சொன்னாங்க."

கடைசி ஷெட்காரர் வருத்தமாகச் சிரித்தார். "எத்தனை பேர் சொன்னாங்க?"

"நாலு பேர்."

"பஞ்சர்காரருமா?"

"அவர்தான் ரொம்ப. அழுதே சொன்னார்."

"அழுதாரா" என்றார் கடைசி ஷெட்காரர். தொங்கிய ஸ்பேனர் ஒன்றை நேராக்கிவிட்டு, "போகட்டும்யா. அவங்களும் பொழைக்கணும்ல" என்றார்.

தன்னைத் திட்டியவர்களைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொல்லாத அந்தப் பண்பில் தட்டிப்பார் உருகிப்போனார். என்ன செலவாகும் என்று கேட்கவும் கூச்சமாக இருந்தது. கேட்கவில்லை.

மறுநாள் போனபோது கியர் பெட்டி மட்டும் அல்ல, எஞ்சினும் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டியின் உள்ளே இருந்ததெல்லாம் ஒரு பெரிய தார்ப்பாயில் பரப்பியிருந்தது. தன் வண்டிக்குள் இவ்வளவு சாமான் இருந்தது அவருக்கே தெரியாது.

"பேரிங்தான் போயிருக்கும்னு நெனைச்சேன்யா" என்றார் கடைசி ஷெட்காரர். "திறந்து பார்த்தா அது பக்கத்துல இருக்கறதையும் கெடுத்து வச்சிருக்கு. நான் வாயால சொல்ல மாட்டேன். நீங்களே பார்த்துக்கங்க."

மூன்று பல் உடைந்த சக்கரம் ஒன்றைக் கையில் கொடுத்தார். தட்டிப்பார் அதைக் கம்பியால் தட்டினார். ஓட்டை மணிபோலச் சத்தம் கேட்டது. மாற்றச் சொன்னார். அதற்கடுத்த நாள் இன்னொரு சக்கரம் வந்தது. அதிலும் மூன்று பல் உடைந்திருந்தது. அதையும் தட்டினார். அதே சத்தம். தன் காது எவ்வளவு துல்லியமானது என்று அவருக்குப் பெருமையாக இருந்தது. மூன்றாம் நாளும் மூன்று பல் உடைந்த ஒரு சக்கரத்தைத் தட்டினார்.

செய்தி கேட்டு மச்சான் ஷெட்டுக்கே வந்துவிட்டார். தார்ப்பாயைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"என்ன மாப்பிள்ளை, வண்டியைக் காயப் போட்டிருக்கீங்க?"

"நல்ல இடத்துலதான் மச்சான் விட்டிருக்கேன்."

"இந்த ஆளையா நல்லவன்கறீங்க? தெருவே காறித் துப்புது."

"அதுதான் மச்சான் விஷயமே" என்று ஆரம்பித்து, திருடன்-போலீஸ் கணக்கை முழுதாகச் சொன்னார். மச்சான் கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"மாப்பிள்ளை, நீங்க படிச்சிருக்கணும்" என்றார். "படிச்சிருந்தா இதைவிடப் பெரிய தப்பெல்லாம் பண்ணியிருப்பீங்க. வண்டியை எடுத்து வேற எங்கயாவது விடுங்க."

"எப்படி எடுக்கறது? சாக்குலயா?"

பிரித்துப் போட்ட வண்டிக்குக் கால் கிடையாது. இது இருவருக்கும் தெரிந்ததால் மச்சான் கிளம்பிப் போனார்.

முதல் தேதி வந்தபோது எஞ்சின் இன்னும் சங்கிலியில்தான் இருந்தது. தட்டிப்பார் ஆலைக்கு நடந்து போய், அதிகாரியின் மேஜைக்கு முன் நின்றார். ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூடப் பாரம் தாமதித்ததில்லை என்று சொன்னார். அதிகாரி அதை ஒப்புக்கொண்டு ஐந்து நாள் தவணை கொடுத்தார். "அஞ்சாம் நாள் மேட்டுல ஏத்திக் காட்டணும். இல்லைன்னா வரிசையில அடுத்த ஆள் நிக்கறார், நான் ஒண்ணும் பண்ண முடியாது."

ஐந்தாம் நாள் காலையில் வண்டி தயாரானது. கடைசி ஷெட்காரர் வண்டியைத் துடைத்து, முன் கண்ணாடிக்குச் சோப்புப் போட்டுக் கழுவிக்கூட வைத்திருந்தார். பிறகு பில்லைக் கொடுத்தார். பில் இரண்டு பக்கம். இரண்டாவது பக்கத்தின் அடியில் இருந்த தொகையைத் தட்டிப்பார் மூன்று முறை படித்தார். தட்டிப் பார்க்க வழியில்லாத பொருளாக வாழ்க்கையில் முதல்முதலாக ஒன்றைச் சந்தித்தார்.

"இவ்வளவு என்கிட்ட இல்லைங்களே."

"இப்ப யாருய்யா கேட்டாங்க? உங்க வேலை முதல்ல முடியட்டும். மேட்டுல ஏத்திக் காட்டுங்க, கையெழுத்து வாங்குங்க. ஒரு மாசத்துல மெதுவா குடுங்க. ஒரு வழக்கத்துக்காக இதுல மட்டும் கையெழுத்துப் போட்டுடுங்க."

ஒரு தாளை நீட்டினார். ஒரு மாதத்தில் கொடுக்காவிட்டால் வண்டி ஷெட்டுக்குச் சொந்தம் என்று அதில் இருந்தது. அதற்கு முன் தட்டிப்பாரை நம்பி யாரும் ஒரு ஆணிகூடக் கடனாகக் கொடுத்ததில்லை. கண்ணில் நீர் முட்டியதால் தாள் சரியாகத் தெரியவில்லை. போட்டுவிட்டார்.

ஆலை மேட்டின் உச்சியில் அதிகாரி காகிதத்தோடும் பேனாவோடும் நின்றார். வரிசையில் அடுத்த ஆளும் தன் லாரியில் சாய்ந்துகொண்டு நின்றார். தட்டிப்பார் பாரத்தோடு மேட்டைத் தொட்டார். முதல் கியர், இரண்டாவது கியர், எல்லாம் அமைதி. மூன்றாவதுக்கு மாற்றினார். பல் கடிக்கும் சத்தம் வந்தது. 'டங்' வந்தது. அதற்குப் பிறகு அவர் அதுவரை கேட்டிராத, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுகிற சத்தம் ஒன்று வந்தது. பாதி மேட்டில் வண்டி நின்றது. ஒரு கணம் யோசித்தது. பிறகு, அன்று கெட்டி எண்ணெயில் விழாமல் போன பின் கியருக்கும் சேர்த்து, நிதானமாகப் பின்னால் இறங்கி வந்து, புறப்பட்ட இடத்திலேயே நின்றது.

உச்சியில் அதிகாரி பேனாவை மூடியது கீழே வரை கேட்டது என்று தட்டிப்பார் பிற்பாடு சொல்லிக்கொண்டிருந்தார். ஐம்பது அடி தூரம். காது துல்லியமான காதுதான்.

ஒரு மாதம் முடிந்து இரண்டாம் நாள் வண்டி கடைசி ஷெட்டுக்குச் சொந்தமானது. அதற்கடுத்த நாள் காலையில் மனைவி அவருடைய சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு மச்சான் வீட்டுக்கு நடந்தார்.

மச்சான் என்னென்ன சொல்வார் என்று வழியெல்லாம் நினைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் தயார் செய்துகொண்டு போனார். மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்துக் கையில் வைத்தார். அவ்வளவு பதில்களும் வீணாகப் போயின. தட்டிப்பார் வண்டியைச் சுற்றி வந்து கம்பியை ஓங்கும்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"டயரைத் தட்டாதீங்க மாப்பிள்ளை. புதுசு."

கம்பியைக் கீழே வைத்துவிட்டு ஏறினார். இருக்கையின் பள்ளம் பொருந்தியது.

மூன்று மாதம் கழித்து, அந்தப் புது டயரில் ஒன்று ஆணி குத்தி, பட்டறைத் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டது. பஞ்சர்காரர் ஒன்றும் கேட்காமல் ஜாக்கியைக் கொடுத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, ட்யூபை உருவித் தொட்டியில் அமுக்கினார். தட்டிப்பார் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து குமிழி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஒரு லாரி போயிற்று. இடது கதவின் நசுங்கலைப் பார்த்ததும் அது தன் பழைய வண்டி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆலை வரிசையில் அடுத்து நின்ற ஆள் ஓட்டிக்கொண்டு போனார். பின்னால் காகிதக் கட்டுகள். தெருமுனை மேட்டில் மூன்றாவது கியருக்கு மாற்றினார். தட்டிப்பார் காதைத் தீட்டிக்கொண்டார். ஒரு சத்தமும் இல்லை. பூனை படியேறுவதுபோல ஏறிப் போயிற்று.

"கடைசி ஷெட்டுல அவருக்கு விக்கறதுக்கு முன்னால பேரிங் ஒண்ணு மாத்தினாங்க" என்றார் பஞ்சர்காரர், ட்யூபிலிருந்து கண்ணை எடுக்காமல். "முதல் ஷெட்காரர்தான் வந்து போட்டுக் குடுத்தார். ரெண்டு நாள் வேலை."

தட்டிப்பார் தொட்டியின் விளிம்பை ஒரு தட்டுத் தட்டினார். பஞ்சர்காரர் ஓட்டையைக் கண்டுபிடித்து, துடைத்து, அரத்தால் தேய்த்து, பசை தடவி ஊதினார்.

"அண்ணே, நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றார் தட்டிப்பார். "அன்னிக்கு நீங்க கண்ணுல தண்ணி விட்டுச் சொன்னீங்க, போகாதேன்னு. இந்தத் தெருவே சொல்லுச்சு. முதல் ஷெட்டு, ரெண்டாவது ஷெட்டு, மூணாவது ஷெட்டு, எல்லாரும் உண்மையைத்தான் சொன்னாங்க. நான்தான் வயித்தெரிச்சல்னு நெனைச்சேன். இத்தனை நல்லவங்களைத் திருடன்னு நெனைச்ச எனக்கு இது வேணும். நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க."

பஞ்சர்காரர் ஒட்டை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"மன்னிப்பெல்லாம் எதுக்குண்ணே" என்றார். "மத்த மூணு பேருக்கும் கடைசி ஷெட்காரர் அன்னிக்கே குடுத்துட்டார், உங்க வண்டிக்காக அவரைத் திட்டின கூலி எனக்கு மட்டும்தான் இன்னும் வரலை."